எனக்கு வைத்த இங்கிலீஷ் பேர்

என் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை லூசாக இருந்தது. தோளில் நிற்கவே இல்லை. இரண்டு பக்கமும் ஊக்கு குத்திக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். ஊக்கு அவிழ்ந்து கழுத்தில் குத்திவிடுமோ, ரத்தம் வந்தால் அபசகுனம் என்பார்களோ என்று அதே கவலையாக இருந்ததில், தாலி கட்டினதைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை. பிறகு அம்மா தையல்காரரிடம் போய்க் கேட்டதற்கு, “லூசாவே இருக்கட்டும், ஒரு புள்ள பெத்தா சரியாப் பூடும்” என்றாராம். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

பிள்ளை பெற்றேன். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்பதையும், லூஸ் என்கிற ஒரு சின்ன வார்த்தை அதில் எங்கெங்கே வந்து நின்றது என்பதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அறுபதுகளில் நடந்தது. யார் மேலும் வழக்கு வைக்க இல்லை. வைத்துத்தான் என்ன ஆகப்போகிறது.

அந்த வார்த்தை எனக்குப் பிறந்த வீட்டிலேயே பழக்கம். நைனா செஞ்சி பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள என்னை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஏ பி சி டி எழுத வரும், சேர்த்துப் படிக்க வராது. அதனால் லூஸ் என்பது இங்கிலீஷ் என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பெடல், ஸ்பேனர் மாதிரி அதுவும் கடைச் சாமான் என்று நினைத்திருந்தேன். யார் வந்தாலும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முதலில் சொல்வது அதுதான். செயின் லூஸ், பிரேக் லூஸ், ஹேண்டில் பார் லூஸ். நைனா குந்திக்கொண்டு வேலையைத் தொடங்குவார். பின்னால் கோட்டை மலையில் வெயில் ஏறிப் பாறையெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும்.

நான் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனால் சும்மா வர மாட்டேன். வாடகைக்குப் போகப்போகிற சைக்கிளைப் பார்ப்பேன். இதை எடுத்துக்கொண்டு போகிறவன் மேட்டிலிருந்து இறங்கும்போது முன்சக்கரம் கழன்று விழுந்தால் என்ன செய்வது என்று நினைப்பேன். “நைனா, முன்பக்கம் நட்டு முடுக்குனியா?” என்பேன். முடுக்கியாச்சு என்பார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்பேன். அவர் என்னைத் திட்டினதில்லை. ஸ்பேனரை எடுத்து இன்னொரு தரம் வைத்துப் பார்த்துக் காட்டுவார். நான் பயந்தேன் என்பதற்காக எழுந்து ஒரு காரியம் செய்த மனிதர் என் வாழ்க்கையில் அவர் ஒருத்தர்தான். அவரும் எல்லா நேரத்திலும் இல்லை. அதையும் சொல்கிறேன்.

என்னைக் கொடுத்த இடம் செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொஞ்சம் கொல்லை, வீட்டு முகப்பில் ஒரு பெட்டிக்கடை. என் வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொண்டார். அங்கே லூஸ் என்பது வேறு. பாக்கெட் வாங்குகிறவர்கள் ஊரில் ரெண்டொரு வீடுதான், மற்றவர்களுக்கு எல்லாமே லூஸ்தான். டீத்தூள் லூசில், பிஸ்கட் லூசில், பீடி லூசில், எண்ணெய் லூசில். “நம்ம கடையில எல்லாம் லூஸ்ல கெடைக்கும்” என்று அவர் பெருமையாகச் சொல்வார். பாக்கெட்டாக வாங்க வக்கில்லாதவர்களுக்கு அது மரியாதையான வார்த்தை. அந்தக் கடையில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது எனக்குப் பிடித்தும் இருந்தது.

எனக்குள்ளே இருந்த கவலை மட்டும் சீர்வரிசைச் சாமானோடு கூடவே வந்துவிட்டது. மண்ணெண்ணெய் டின்னை உப்பு மூட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பேன். கிணற்றுமேட்டில் பலகை போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவர் டவுனுக்குச் சரக்கு எடுக்கப் போய் நேரமானால் ரோட்டில் போய் நிற்பேன். கேட்டதையே கேட்பேன். இது நல்ல பழக்கம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நான் யாரையும் சும்மா இருக்கவிடாமல் செய்யவேண்டும் என்று செய்ததில்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் என் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை, களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எல்லார் எதிரிலும் சொன்னாள்.

“அண்ணிக்கு மரை லூசு. அவங்க நைனா ஊரு சைக்கிள எல்லாம் முடுக்குனாரு, இத மட்டும் முடுக்காம நம்மூட்டுக்கு அனுப்பிட்டாரு.”

களமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முதலில் மரை லூசு. கொஞ்சநாளில் மரை போய் லூசு மட்டும் நின்றது. அப்புறம் அதுவே கூப்பிடுகிற பேர் ஆகிவிட்டது. ஏய் லூசு, தண்ணி குடு. லூசு, கடையைப் பாத்துக்க. கோபத்தில் சொன்னால் திருப்பிச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கோபித்துக்கொண்டால் அதுவும் லூசுத்தனம் ஆகிவிடும்.

இப்போது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் “லூஸ்ல வுடு” என்கிறார்கள். பொருட்படுத்தாதே, போகட்டும் என்று அதற்கு அர்த்தமாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. என்னை அப்படித்தான் விட்டார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

முதல் பிள்ளை பெண். பல் முளைக்கிற பருவம். தவழ்ந்து வந்து பெட்டிக்கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கத்திரி வெயில் காலத்தில் ஒருநாள் விடிகாலையிலிருந்து அவளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. தண்ணீர் தண்ணீராகப் போனது. அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம் சொன்னேன். பல்லு மொளைச்சா போகும்டி, ஊரு உலகத்துல புள்ளைங்களுக்குப் பல்லே மொளைக்கலியா என்றார். வெயில் ஏறினதும் பார்த்தேன். அழுகிறாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. மூத்திரம் போகவில்லை. என் வீட்டுக்காரர் கமிஷன் மண்டிக்குப் போயிருந்தார். பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினேன்.

என்னைத் தனியாக அனுப்ப முடியாது என்று அத்தையும் கூட வந்தார். போகிற இடத்தில் இது என்னத்தை உளறிவைக்குமோ என்று அவருக்குப் பயம். அப்படி அவரும் பயப்படத் தெரிந்தவர்தான்.

பஜாரில் ஒரு டாக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். உள் அறையில் டாக்டர். வெளியே கம்பவுண்டர். யார் முதலில் உள்ளே போகவேண்டும், யாருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது கம்பவுண்டர் கையில். கூட்டமாக இருந்தது. நான் இடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சொன்னேன். விடிகாலையிலிருந்து போகிறது, மூத்திரம் வரவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சியில் கை வைத்துப் பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்த மனிதர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாதி எழுந்துவிட்டார்.

பின்னாலிருந்து அத்தை சொன்னார்.

“சார், இது கொஞ்சம் லூசு சார். எது ஒண்ணுன்னாலும் இப்பிடித்தான் பண்ணும். போன வாரம் புள்ள தும்முனதுக்கே டாக்டராண்ட போவணும்னு நின்னுது.”

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் வேர்த்து விறுவிறுத்து, தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். அந்தக் கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் அத்தை சொன்னதுதான் சரி என்று தோன்றும். அவர் உட்கார்ந்துவிட்டார். “வெறும் லூஸ் மோஷன் தாம்மா. பல்லு மொளைக்கிறப்ப எல்லாப் புள்ளைங்களுக்கும் வர்றதுதான்” என்று சொல்லிவிட்டு, வெள்ளையாக ஒரு மிக்சரைப் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டுகிற காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். லூஸ் மோஷன் என்று நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. வயிற்றுக்கும் இந்த வார்த்தைதானா என்று ஒரு நொடி ஓடியது. டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றேன். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

நைனா கடையைத் தாண்டித்தான் திரும்பிப் போகவேண்டும். அவர் யாருடைய பின்சக்கரத்தையோ கழற்றி வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நைனா என்று கூப்பிட்டேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு என்ன என்று கேட்பதற்குள், அத்தை முந்திக்கொண்டு, பல்லு மொளைக்குது சம்மந்தி, டாக்டராண்ட காட்டி மருந்து வாங்கியாச்சு என்றார். நைனா என் முகத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். சம்பந்தி ஒன்றைச் சொன்ன பிறகு, அவர் எதிரிலேயே பெண்ணிடம் திரும்பி அப்படித்தானா என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அவர் கேட்கவில்லை. வெயிலில் நடக்காதீர்கள், நிழலாகப் பார்த்துப் போங்கள் என்று மட்டும் சொன்னார். அத்தை எதிரில் டாக்டரைப் பார்க்கவே இல்லை என்று நான் சொல்லியிருந்தால் மாமியாரைப் பொய்க்காரி ஆக்கினதாகும். அப்புறம் சிங்கவரத்துக்கு எந்த முகத்தோடு திரும்புவது? நடந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். அத்தை டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். தண்ணி குடுத்தா இன்னும் போவும், உள்ள போறதை நிறுத்துனாத்தான் வெளிய போறது நிக்கும் என்றார். இது அவர் ஒருத்தர் புத்தி இல்லை. அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் நினைத்தது. அதனால்தான் என்னால் இன்றைக்கும் அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை, வெறுக்காமலும் இருக்க முடியவில்லை. என் பாலையும் கொடுக்கக்கூடாது, வெயிலில் அலைந்த உடம்பு, சூட்டுப் பால் என்றார். ஓமத்தை வறுத்து, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார். மிக்சர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. சாயங்காலம், இது உரம் விழுந்ததாக இருக்கும், கழுத்துச் சுளுக்கினால் குழந்தைக்கு இப்படி ஆகும் என்று அவரே பிள்ளையைப் புடவையில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டினார். அவள் அழக்கூட இல்லை.

யாரும் பார்க்காத நேரத்தில் துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். அப்படி உறிஞ்சினாள். விரல் வரைக்கும் அந்த இழுப்பு தெரிந்தது. அத்தை வந்து துணியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் வந்ததும் அவர் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். இந்தப் பிள்ளை பிழைக்காது, இப்போதே தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன்.

“அம்மா நாலு புள்ள பெத்தவங்க. அவங்களுக்குத் தெரியாதா? லூசு மாதிரி பண்ணாம சும்மா இரு” என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

விடிந்ததும் அவரே பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நான் கேரியரில் பிள்ளையோடு உட்கார்ந்தேன். அத்தை பின்னால் நடந்து வந்தார். இந்தத் தடவை யாரும் எங்களை வரிசையில் நிறுத்தவில்லை. டாக்டர் வெளியே வந்து பிள்ளையை வாங்கினார். வயிற்றுத் தோலை விரலால் கிள்ளினார். கிள்ளின இடம் அப்படியே மடிந்து நின்றது. தொடையில் ஊசி குத்தி உப்புத்தண்ணீர் ஏற்றப் பார்த்தார்.

“நேத்தே கொண்டாரக் கூடாதாம்மா?” என்றார்.

“கொண்டாந்தேன்” என்றேன்.

கம்பவுண்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பாட்டிலையே மறுபடியும் கழுவினார். அத்தை அப்போதுதான் படியேறி வந்து வாசலில் நின்றார். உச்சி வெயில் ஆவதற்குள் என் பெண் போய்விட்டாள்.

ஆண்பிள்ளைகள் கொல்லையோரத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் போகிற வழக்கமில்லை. எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார் வலித்தது, ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நடந்த பிறகாவது அந்த வீட்டில் ஒருத்தராவது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீ சொன்னாய், நாங்கள் கேட்கவில்லை என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். துக்கத்துக்கு நடுவில் இப்படி ஒரு ஆசை வரலாமா என்று தெரியவில்லை. வந்தது. மறைத்து என்ன.

துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரப் பெண்களிடம் அத்தை மாரில் அடித்துக்கொண்டு சொன்னது வேறு.

“வந்த நாள்லேர்ந்து இவளுக்கு இதே பேச்சு. புள்ளைக்கு ஏதோ ஆவப்போவுது, ஏதோ ஆவப்போவுதுன்னு. சொல்லிச் சொல்லியே தூக்கிக் குடுத்துட்டாளே.”

உட்கார்ந்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி, வாயிலேர்ந்து வர்ற சொல்லு சும்மா பூடுமா என்றாள். நான் பயந்தது நடக்கப்போகிறதைப் பார்த்து இல்லையாம். நான் பயந்ததால்தான் நடந்ததாம். அதுவரைக்கும் என் பேச்சுக்கு அந்த வீட்டில் ஒரு மதிப்பும் கிடையாது. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு உயிரை எடுக்கிற அளவுக்குப் பலம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள்.

நான் சாப்பிடாமல் கிடந்தேன். தொட்டில் கட்டின உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தால் என் வீட்டுக்காரர் தணிந்த குரலில் சொல்வது உள்ளே கேட்கும். புள்ள போனதுலேர்ந்து அதுக்குக் கொஞ்சம் லூசாயிட்டுது. அதே வார்த்தைதான். முன்பு விளையாட்டுக்குச் சொன்னார், இப்போது நிஜமாகச் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு இரண்டு பீடி வாங்கிக்கொண்டு போவார்கள்.

அடுத்த அமாவாசைக்கு, பேய் பிடித்திருக்கும், ஓட்டலாம் என்று என்னை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்பெஷல் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. நைனாவும் வந்தார். வழி முழுக்க என் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எத்தனையோ பேருக்கு அவள்தான் கதி. கோயிலுக்குத் தள்ளி ஒரு மரத்தடியில் குறி சொல்கிற ஒருவர் எதிரில் என் தலையை அவிழ்த்துவிட்டு உட்கார வைத்தார்கள். அவர் உடுக்கையை நிறுத்திவிட்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“சொல்லு, நீ யாரு?”

ஏதாவது ஒரு செத்தவர் பேரைச் சொல்வேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. “சைக்கிள் கடைக்காரர் பொண்ணு” என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். நைனா எழுந்து கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார். அத்தைக்குத்தான் ரொம்ப ஏமாற்றம்.

ஊருக்குத் திரும்பின பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். பலகை போட்டிருக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் டவுனிலிருந்து வர நேரமானாலும் ரோட்டில் போய் நிற்கவில்லை. வாயைத் திறந்தால் இன்னொரு உயிர் போகும் என்று சொல்லிவிட்டார்களே. பயம் ஒன்றும் குறையவில்லை. உள்ளேயே வைத்துக் கட்டினேன். சோறு போட்டேன், கொல்லைக்குப் போனேன், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தேன். மலையனூர் போய் வந்ததுலேர்ந்து மருமக சரியாப் பூட்டா என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். லூசு என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. நாத்தனார்கூட மரியாதையாக அண்ணி என்றாள்.

அடுத்தது பையன். அவனுக்கும் ஒரு கோடையில், கிட்டத்தட்ட அதே வயதில், ஒருநாள் காலை வயிறு போக ஆரம்பித்தது. இரண்டாம் தடவை துணி மாற்றும்போதே அவன் உச்சியில் கை வைத்துப் பார்த்தேன். அத்தை வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். புள்ள இன்னாத்துக்கு அழுவுது என்று கேட்டார். தூக்கத்துக்குத்தான் அத்தை என்றேன். கூடையையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் மோட்டார் கொட்டகையில் நின்று அவனுக்குக் கையால் அள்ளி அள்ளித் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் கூடையை ஒரு புதரில் போட்டுவிட்டு டவுனை நோக்கி நடந்தேன். ஓடினால் யாராவது பார்த்துக் கேட்பார்கள் என்று ஓடவில்லை.

டிஸ்பென்சரியில் அதே கம்பவுண்டர். என்னை அடையாளம் தெரிந்ததா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. இந்தத் தடவை நான் மூச்சு வாங்கவில்லை. சந்தையில் விலை சொல்கிற மாதிரி, எத்தனை தடவை போனது, எப்போதிலிருந்து என்று நிதானமாகச் சொன்னேன்.

“கூட யாரும் வரலியா?” என்று கேட்டார்.

“யாரும் வரல” என்றேன்.

அவர் எழுந்து போய் டாக்டர் அறைக் கதவைத் திறந்தார். அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.